அழுத்தம் எந்தச் சொல்லில்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நேர்முகத் தேர்வுக்குச் சென்றிருந்தேன். மேசைக்கு அப்பால் மூவர் அமர்ந்திருந்தனர். நடுவில் இருந்த முதியவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "ஆங்கிலம் பிழையின்றி எழுதுகிறீர்களே, யாரிடம் கற்றீர்கள்?" என்று கேட்டார். "எங்கள் ஊரில் ஓர் இங்கிலீஷ் டீச்சர் இருந்தார், ஐயா. எல்லாம் அவர் இட்ட பிச்சை" என்றேன் ஆங்கிலத்தில். அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா! அவர் இங்கிலாந்தில் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர்?" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் ஆசிரியர் தஞ்சை மாவட்டத்தைத் தாண்டியதே சில முறைதான். நாலு முழ வேட்டியும் நெற்றியில் நீறுமாக வகுப்புக்கு வருவார். "அவர் எங்கள் ஊர்க்காரர்தாம்" என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். மூவரும் சிரித்தனர். அந்தச் சிரிப்பில் பகை ஏதும் இல்லை. ஆயினும் அதற்குப் பின் கேட்ட கேள்விகளுக்கு என் நாக்கு எழவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. கிடைக்காமைக்கு அதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன். தகுதி மிக்கோர் பலர் வந்திருந்தனர்.

என் பிழை யாது? சொல்லில் பிழை இல்லை, இலக்கணத்திலும் இல்லை. 'இங்கிலீஷ் டீச்சர்' என்பதில் முன்சொல்லை அழுத்தினால் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் என்று பொருள். பின்சொல்லை அழுத்தினால் ஆங்கிலேயரான ஆசிரியர் என்று பொருள். நானோ நம் வழக்கப்படி இரண்டையும் ஒப்ப அழுத்தினேன். அப்படி ஒப்ப அழுத்துவது ஆங்கிலச் செவிக்குப் பின்சொல்லை அழுத்தியதாகவே படும். பதினைந்து ஆண்டு ஆங்கிலம் படித்த எனக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. நான் மனம் நொந்தது அந்த மூவர் சிரித்ததற்காக அன்று, இதற்காகத்தான். நம் பள்ளிகளில் எழுத்துக்கூட்டலுக்குப் பிரம்படி உண்டு. காலத்தை மாற்றி எழுதினால் மதிப்பெண் குறையும். ஒலியழுத்தத்தைப் பற்றி ஒரு மணி நேரமேனும் பாடம் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

நண்பர்களே, இதை உங்கள் முன் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இவ்வளாகத்துக்கு வரும் நம்மவருள் பலர், முதலாண்டுக் கருத்தரங்கில் ஒரு முறை வாய் திறந்து, யாரோ சிரித்ததைக் கண்டு, பின் மூன்றாண்டும் வாய் மூடியிருக்கின்றனர். எழுத்துத் தேர்வில் முதலிடம். பேச்சில் கடைசி இடம். 'மதராசி இங்கிலீஷ்' என்ற கேலிக்கு அஞ்சி அறிவை மூட்டை கட்டி வைப்பதா? கேலியில் உண்மை எவ்வளவு, வீண்பெருமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் இங்கே பார்க்க இயலாது. தொகைச்சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரு பெயர்கள் சேர்ந்து ஒரு பெயராவதையே தொகை என்கிறேன். பொருள் கெடும் இடம் அதுவே. தமிழ் படித்தவனுக்கு எளிதில் பிடிபடும் இடமும் அதுவே.

வகுப்பறைப் பலகையிலிருந்து தொடங்குவோம். 'பிளாக்போர்டு' என்று முன்சொல்லை அழுத்தினால் அஃது ஆசிரியர் எழுதும் பலகை. 'பிளாக்', 'போர்டு' என்று விட்டிசைத்துப் பின்சொல்லை அழுத்தினால் கறுப்பு வண்ணப் பலகை எதுவாயினும் ஆகலாம். இன்று பல வகுப்பறைகளில் பலகை பச்சையாக இருக்கிறது. ஆயினும் அது 'பிளாக்போர்டு'தான். தொகையாகி இறுகியபின் கறுப்பு போய்விட்டது. 'பிளாக்பர்டு' என்னும் பறவையும் அப்படியே. காக்கை கருநிறப் பறவைதான், ஆனால் 'பிளாக்பர்டு' ஆகாது. அந்த இனத்துப் பெட்டையோ பழுப்பு நிறம். ஆனாலும் அது 'பிளாக்பர்டு'. 'கிரீன்ஹவுஸ்' செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம். பச்சைச் சுண்ணாம்பு பூசிய வீட்டைச் சொல்ல வேண்டுமானால் அழுத்தம் பின்சொல்லுக்குப் போக வேண்டும். அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மாளிகையை 'வைட் ஹவுஸ்' என்று முன்சொல்லை அழுத்தியே சொல்வர். ஒன்றைச் சுட்டும் பெயராக இறுகிவிட்டது என்பதற்கு அந்த அழுத்தமே முத்திரை.

இது நமக்குப் புதிதா? 'கீரை கடை' என்றால் மத்தை எடுத்துக் கடையும்படி ஏவுதல். 'கீரைக்கடை' என்றால் காசு கொடுத்து வாங்கும் இடம். நடுவே ஒரு ககர ஒற்று வந்ததும் பொருள் தலைகீழாக மாறுகிறது. 'செடிகொடி' என்பதில் வல்லெழுத்து மிகாது, உம்மைத்தொகை ஆதலால். 'குதிரைக்கால்' என்பதில் மிகும், வேற்றுமைத்தொகை ஆதலால். 'ஊறுகாய்', 'சுடுசோறு' என்பவற்றில் மிகாது, வினைத்தொகை ஆதலால். இரு சொற்களுக்கு இடையே உள்ள உறவை நாம் ஒற்றால் காட்டுகிறோம்; ஆங்கிலேயர் அழுத்தத்தால் காட்டுகின்றனர். ஒற்று விட்டு எழுதினால் நம் தமிழாசிரியர் எப்படிச் சினப்பார்! அதே பிழையை ஆங்கிலத்தில் நாள்தோறும் செய்துவிட்டு, 'அது வெறும் உச்சரிப்பு' என்று தள்ளிவிடுகிறோம்.

இன்னும் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. எழுத்து வடிவில் ஒன்றாக இருக்கும் புணர்மொழிகள், பொருள் வேறுபடும்போது இசையால் வேறுபடும் என்று தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திலேயே சொல்லிவைத்தார். உரையாசிரியர்கள் 'செம்பொன்பதின்றொடி' என்னும் தொடரைக் காட்டுவர். 'செம்பொன் பதின்றொடி' எனப் பிரித்தால் பொன்னைப் பற்றியது. 'செம்பு ஒன்பதின்றொடி' எனப் பிரித்தால் செம்பைப் பற்றியது. 'குன்றேறாமா' என்பதோ மலை ஏறாத விலங்காகவும் ஆகும், மலை ஏறுகிற காட்டுப் பசுவாகவும் ஆகும். எந்த இடத்தில் நிறுத்துகிறோம், எதை எடுத்துச் சொல்கிறோம் என்பதே பொருளை முடிவு செய்கிறது. எடுத்தல், படுத்தல், நலிதல் என்று ஓசையை வகுத்த மரபில் வந்தவர்கள், ஆங்கில ஓசையைக் கண்டு மிரள்வது வேடிக்கையே.

வேதியியல் படிக்கும் நண்பர்கள் இதற்கு ஒத்த ஆங்கிலச் சான்றை நாள்தோறும் கையில் வைத்திருக்கின்றனர். 'நைட்ரேட்' என்பது உப்பு. 'நைட் ரேட்' என்பது இரவுக் கட்டணம். ஒலிகள் அவையே. முன்னதில் டகரமும் ரகரமும் ஒட்டி இரண்டாம் அசையைத் தொடங்குகின்றன. பின்னதில் டகரம் முதலசையோடு நின்றுவிட, ரகரம் புதிதாகப் பிறக்கிறது. மொழியியலார் பல்லாண்டாக இந்த இணையை எடுத்துக்காட்டி வருகின்றனர்.

அசை என்றதும் ஓர் எச்சரிக்கை. யாப்பில் நாம் கற்ற அசையும் ஆங்கிலத்தார் சொல்லும் 'சிலபிள்' என்பதும் ஒன்றல்ல. 'கட' என்பது நமக்கு ஒரு நிரையசை. அவர்கள் கணக்கில் இரண்டு. அங்கே ஓர் உயிரொலிக்கு ஓர் அசை, அவ்வளவே. இது தெரியாமல் தேமா, புளிமா கொண்டு ஆங்கிலச் சொல்லை அளக்கப் புகுந்த நண்பர் ஒருவர் விடுதியில் இரண்டு இரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டார்.

அந்த அசைக்கணக்கில் நாம் செய்யும் பெரும் பிழை, சொல்லின் இறுதியில் உகரம் சேர்ப்பது. வல்லெழுத்தில் ஒரு சொல் முடிவதை நம் நாக்கு ஏற்பதில்லை. குற்றியலுகரத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறது. 'பஸ் ஸ்டாப்' ஆங்கிலத்தில் இரண்டே அசை. நாம் 'பஸ்ஸு ஸ்டாப்பு' என்று நான்காக்குகிறோம். அசை பெருகினால் அழுத்தம் எங்கே விழுந்தது என்று கேட்பவர்க்கு எப்படித் தெரியும்? நம்மைக் கேலி செய்யும் இந்தி பேசும் நண்பர்களோ சொல்லின் முன்னே இகரம் சேர்த்து 'இஸ்டேஷன்', 'இஸ்கூல்' என்கின்றனர். அவர்கள் தலையில் சேர்க்கின்றனர், நாம் வாலில் சேர்க்கிறோம். சிரிப்பதானால் இரு சாராரும் சேர்ந்தே சிரிக்கலாம்.

எழுத்தை நம்பிப் படிப்பதால் வரும் கேடும் உண்டு. ஆட்டிடையனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் 'பி', 'எச்' என்னும் எழுத்துகள் அடுத்தடுத்து வரும். அவ்விரண்டும் சேர்ந்தால் ஃபகரம் என்று பள்ளியில் கற்றோம். எனவே 'ஷெஃபர்டு' என்கிறோம். அச்சொல் 'ஷீப்' என்னும் ஆட்டையும் 'ஹெர்ட்' என்னும் மேய்ப்பனையும் சேர்த்த தொகை. பொருத்துவாய் பகரத்துக்கும் ஹகரத்துக்கும் நடுவே இருக்கிறது. ஆகவே 'ஷெப்பர்ட்' என்பதே சரி. விபத்தைக் குறிக்கும் 'மிஸ்ஹாப்' என்ற சொல்லை 'மிஷப்' என்று படித்த மாணவரை நான் அறிவேன். அங்கும் பொருத்துவாய் தெரியாமையே காரணம். சொல்லை எங்கே இணைத்தார்கள் என்று தெரிந்தால் பாதிப் பிழை தானே அகலும்.

இணைப்பு பழையதாகி மறந்துபோவதும் உண்டு. அழுத்தம் பெறாத பின்சொல் மெல்ல மெல்லத் தேய்கிறது. 'கப்' வைக்கும் 'போர்டு' இன்று 'கபர்ட்'. உண்ணாமையை முறிப்பதாகிய காலையுணவு இன்று 'ப்ரெக்ஃபஸ்ட்'. நம் மொழியில் தெங்கின் காய் தேங்காய் ஆனதும், சோழநாடு சோணாடு ஆனதும் இத்தகையனவே. நாம் மரூஉ என்போம். 'லார்டு' என்ற பெருமைமிகு பட்டம் பழைய ஆங்கிலத்தில் ரொட்டி காப்பவன் என்று பொருள்படும் தொகை. 'லேடி' ரொட்டி பிசைபவள். சாளரத்தைக் குறிக்கும் 'விண்டோ', நார்வே நாட்டார் பேசிய பழைய மொழியிலிருந்து வந்தது. அதன் பொருள் காற்றின் கண். நம் முன்னோர் அதையே காலதர் என்றனர். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. பலகணி என்றும் சொன்னோம். பல கண் உடையது. வடகடல் ஓரத்தில் இருந்தவனும் காவிரிக் கரையில் இருந்தவனும் ஒருவரை ஒருவர் அறியாமலே சுவரில் விட்ட ஓட்டையைப் பார்த்துக் காற்றையும் கண்ணையும் எண்ணியிருக்கிறார்கள்! விலகிப் போகிறேன், மன்னிக்க.

அழுத்த விதி ஒரே வரியில் அடங்குமானால் நன்றாக இருக்கும். பெரும்பாலும் அடங்குகிறது: இரு பெயர் சேர்ந்து ஒரு பொருளின் பெயரானால் முன்சொல்லை அழுத்துக. 'போஸ்ட் ஆபீஸ்', 'கிளாஸ்ரூம்', 'டெக்ஸ்ட்புக்' யாவும் அவ்வகை. ஆனால் முன்சொல், பின்சொல்லின் மூலப்பொருளைக் குறித்தால் அழுத்தம் பின்னே செல்லும். பட்டுச் சட்டை, பொன் மோதிரம் என்பவற்றுக்குரிய ஆங்கிலத் தொடர்களில் சட்டையும் மோதிரமுமே அழுத்தம் பெறும். நாம் 'பொன்னால் ஆகிய மோதிரம்' என்று விரித்து, உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று தேர்வில் எழுதிய இடம் இது. அந்தப் பாடம் இங்கே உதவும் என்று அன்று யார் கண்டார்?

வினையடியாகப் பிறந்த தொகையில் இன்னும் நுட்பம் இருக்கிறது. குடிநீர், கொதிநீர் இரண்டும் நமக்கு வினைத்தொகைகள். ஆங்கிலத்திலும் 'டிரிங்கிங் வாட்டர்', 'பாய்லிங் வாட்டர்' என்று ஓர் அச்சில் வார்த்தவைபோல் தோன்றும். ஆனால் முன்னதில் அழுத்தம் 'டிரிங்கிங்' மேல். குடிப்பதற்கு உரிய நீர் என்பதால். பின்னதில் 'வாட்டர்' மேல். கொதித்துக்கொண்டிருக்கும் நீர் என்பதால். முன்னதில் நீர் குடிப்பதில்லை, பின்னதில் நீரே கொதிக்கிறது. 'டான்சிங் கேர்ள்' என்பதை முன்னழுத்தினால் ஆடலைத் தொழிலாகக் கொண்டவள். பின்னழுத்தினால் இப்போது ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பெண். கல்லூரி விழா மேடையில் தோழி ஒருத்தியை இப்படிப் பாராட்டப் போகிறவர், அழுத்தத்தை எங்கே வைக்கிறோம் என்று ஒருமுறை எண்ணிக்கொள்வது நல்லது.

விதியை மீறும் இடங்களும் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மை ஆகாது. 'ஸ்ட்ரீட்' என்று முடியும் தெருப்பெயரில் அழுத்தம் முன்னே: ஆக்ஸ்போர்ட் ஸ்ட்ரீட். 'ரோடு' என்று முடிந்தால் பின்னே: ஆக்ஸ்போர்ட் ரோடு. 'ஆப்பிள் கேக்' முன்னே. 'ஆப்பிள் பை' பின்னே. ஏன் என்று கேட்டால் ஆங்கிலேயர் தோளைக் குலுக்குவர். வார இறுதியைக் குறிக்கும் 'வீக்கெண்ட்' என்ற சொல்லை இங்கிலாந்தில் பின்னும் அமெரிக்காவில் முன்னும் அழுத்துவர். நோம் சோம்ஸ்கியும் மோரிஸ் ஹாலேயும் 1968இல் வெளியிட்ட பெருநூலில் தொகைக்கு முன்னழுத்தம் என்று விதி வகுத்தனர். அதற்குப் பின்னும் இந்த விலக்குகளைப் பற்றிய வாதம் ஓய்ந்தபாடில்லை. ஆகவே, ஒன்றிரண்டு பிழைத்தால் நாணித் தலை குனிய வேண்டியதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். நம் சங்கத்திலேயே சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்: "நாம் ஏன் ஆங்கிலேயன்போல் பேச வேண்டும்? நம் ஆங்கிலம் நம்முடையது." இதில் பாதியை முழு மனத்தோடு ஒப்புகிறேன். நம் டகரத்தையும் ரகரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. மூக்கால் பேசக் கற்றுத் தருகிறேன் என்று பல்லாயிரம் ரூபாய் பறிக்கும் நிலையங்களுக்குப் போக வேண்டியதே இல்லை. தமிழன் தமிழனாக ஒலிப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் மற்றப் பாதியை ஒப்ப முடியவில்லை. எவ்வாறு ஒலிக்கிறோம் என்பது வேறு. என்ன பொருள்படப் பேசுகிறோம் என்பது வேறு. நான் சொன்னது ஒன்று, அந்த முதியவர் கேட்டது மற்றொன்று. அதை 'நம் ஆங்கிலம்' என்று சொல்லித் தப்ப முடியுமா? ஐதராபாத்தில் 1958இல் தொடங்கிய மத்திய ஆங்கில நிறுவனம்தான் இன்று ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அங்கே பணியாற்றிய ஆர். கே. பன்சால், இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறர்க்கு எவ்வளவு விளங்குகிறது என்று ஆராய்ந்து 1969இல் நூல் வெளியிட்டார். விளங்காமைக்கு அவர் கண்ட முதன்மையான காரணங்களுள் ஒன்று, சொல்லழுத்தம் பிழைபடுவது. அவரும் இந்தியர், இந்தியருக்காகவே எழுதினார்.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் செய்யும் முயற்சியில் பத்தில் ஒரு பங்கு போதும். முதலாண்டு மாணவர்க்கு வாரம் ஒரு மாலை, விடுதிப் பொதுஅறையில், கதவைச் சாத்திக்கொண்டு, உரக்கப் படிக்கும் வகுப்பு ஒன்று வேண்டும். கதவைச் சாத்தச் சொல்வது வெட்கத்தால் அன்று; தவறு செய்யத் துணிவு பிறக்கும் இடம் நம்மவர் நடுவேதான் என்பதால். ஆசிரியர் வேண்டா, டேனியல் ஜோன்ஸ் 1917இல் முதன்முதல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியின் பிற்காலப் பதிப்பு ஒன்று போதும். அழுத்தம் பெறும் அசைக்கு முன்னே மேலே ஒரு சிறு கோடு இட்டிருக்கும். அதைப் பார்க்கத் தெரிந்தால் சரி. மூத்த மாணவர் ஒருவர் படிக்க, இளையவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தொகைச்சொல் வரும்போதெல்லாம் நிறுத்தி, 'இது விரிந்தால் என்ன?' என்று தமிழிலேயே கேட்க வேண்டும். நன்னூல் படித்தவர் நம்முள் சிலராவது உண்டு. அவர்களுக்கும் ஒரு வேலை ஆகும்.

முதல் மாலைக்கு ஒரு பாடத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு விழாவுக்குப் பிற துறைப் பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். நம் செயலாளர் ஒலிபெருக்கியில் 'டமில் ஸ்டூடண்ட்ஸ்' என்று, டமில் என்பதை நன்றாக அழுத்தி, வரவேற்புரை நிகழ்த்தினார். தேநீர் வேளையில் பேராசிரியர் என்னிடம் வந்து, இத்தனை பேர் இங்கே தமிழ் இலக்கியம் பயில்கிறீர்கள் என்று தமக்குத் தெரியாதே என்று வியந்தார். பக்கத்தில் நின்ற இயற்பியல் மாணவரும் சட்ட மாணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். தமிழராகிய மாணவர் என்று சொல்ல 'ஸ்டூடண்ட்ஸ்' என்பதையே அழுத்த வேண்டும். முன்சொல்லை அழுத்தினால் தமிழ் பயிலும் மாணவர் என்றே பொருள்படும். செயலாளரிடம் அன்றிரவே சொன்னேன். "இரண்டும் நாம்தானே, அண்ணா?" என்றார்.

எனக்கு உடனே விடை சொல்லத் தோன்றவில்லை.